கர்த்தர் எங்களுக்குத் தேதி சொல்லவில்லை

பிள்ளை இல்லாமல் வருடங்கள் ஓடிக்கொண்டிருக்க, ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போய், "காத்திருங்க, கர்த்தர் தருவார்" என்று நாலு பேர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பும் தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன். என் கணவரும் நானும் பத்து வருடத்துக்கு மேல் அப்படித் திரும்பியவர்கள். காத்திருக்கச் சொன்னவர்கள் ஏராளம். எப்படிக் காத்திருப்பது, அந்தக் காலத்தில் எதைச் செய்யலாம், யார் பேச்சைக் கேட்கலாம், எவ்வளவு பணம் வரைக்கும் போகலாம் என்று உட்கார்ந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. மருத்துவமும் பணக் கணக்கும் வேத வசனமும் இதில் கலந்தே வரும். எங்கள் வாழ்க்கையில் அவை கலந்துதான் வந்தன.

2011இல் பாளையங்கோட்டையில் எங்களுக்குத் திருமணம் நடந்தது. எனக்கு 27 வயது, அவருக்கு 31. நான் உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அவருக்குத் தூத்துக்குடியில் துறைமுகம் சார்ந்த ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. முதல் இரண்டு வருடம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அப்புறம் ஆரம்பித்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" என்பார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, அக்கறையில்தான் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்து, கடைசி ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே எழுந்து போகத் தொடங்கினேன். ஞானஸ்நானம் இருக்கும் ஞாயிறுகள் இன்னும் கஷ்டம். எனக்குப் பின்னால் கல்யாணம் ஆனவர்கள் வெள்ளை உடுப்புப் போட்ட குழந்தையோடு முன்னால் நிற்பார்கள். சபையோடு நானும் எழுந்து நின்று பதில் வார்த்தைகளைச் சொல்வேன். உள்ளே இருந்தது பொறாமை. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, ஜெபத்தில்கூடச் சொல்லவில்லை. ஆண்டவரிடம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால் சீக்கிரம் தருவார் என்று மனசுக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

2013இல் முதல் டாக்டரைப் பார்த்தோம். பார்த்தோம் என்றால், நான் போனேன். இரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஸ்கேன், குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே என்று எல்லாம் எனக்குத்தான். மாத்திரை சாப்பிட்டு, ஒன்று விட்டு ஒரு நாள் கருமுட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்டடி ஸ்கேனுக்குப் பள்ளியில் பெர்மிஷன் போட்டு ஓடி, ஒரு வருடத்துக்கு மேல் போனது. அவருக்கு ஒரு விந்துப் பரிசோதனை எடுக்கும்படி அந்த நாள்வரை யாரும் சொல்லவில்லை. சொல்ல எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கூச்சம். எடுத்தபோது எண்ணிக்கை குறைவு என்று வந்தது. பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. அந்தப் பரிசோதனைதான் இருப்பதிலேயே எளிது, செலவும் குறைவு. அதனால் முதல் வாரத்திலேயே இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துவிடுங்கள். பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயன்று பார்த்தபின் டாக்டரிடம் போகலாம், 35 தாண்டிவிட்டால் ஆறு மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள். இதைச் சபையில் பெண்கள் கூட்டத்திலோ, திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை வகுப்பிலோ சொல்லிக்கொடுத்தால் எத்தனையோ மருமகள்கள் தேவையில்லாத பேச்சு கேட்காமல் இருப்பார்கள்.

இனி எழுதப்போவது கஷ்டமான பகுதி. 2015இல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கன்வென்ஷன், அதாவது பெரிய ஜெபக் கூட்டம், நடந்தது. என் மாமியார்தான் கூட்டிப் போனார்கள். பிரசங்கம் முடிந்து தனி ஜெபத்தில் அந்த ஊழியக்காரர் எங்கள் தலையில் கைவைத்து, அடுத்த வருடம் இதே கூட்டத்துக்கு நீங்கள் கையில் ஆண் பிள்ளையோடு வருவீர்கள், கர்த்தர் சொல்லுகிறார் என்றார். சுற்றி நின்றவர்கள் "ஆமென்" என்றார்கள். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று விவரிக்க முடியாது. உடம்பெல்லாம் நடுங்கியது, வருடக்கணக்கான பாரம் இறங்கியது போலிருந்தது. பிறகு விதைப்புக் காணிக்கை பற்றிப் பேசினார்கள். வாக்குத்தத்தத்தைப் பெற்றவர்கள் விசுவாசத்தை விதையாகக் காட்ட வேண்டும் என்றார்கள். என் கணவரின் போனஸ் பணத்தில் ஐம்பதாயிரம் கொடுத்தோம். மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். கர்த்தர் சொன்ன பிறகும் மருந்து சாப்பிட்டால் அது அவிசுவாசம் என்றார்கள். நிறுத்தினோம்.

ஒரு வருடம் போனது. அதே கூட்டம் மறுபடியும் நடந்தது, வெறுங்கையோடு எப்படிப் போவது என்று நாங்கள் போகவில்லை. "இன்னும் கொஞ்சம் பொறுங்க, எதிரி தாமதப்படுத்துகிறான்" என்று போனில் சொன்னார்கள். அப்படியே இன்னொரு வருடத்தின் பெரும்பகுதி கரைந்தது. மறுபடி டாக்டரிடம் போனபோது கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு முன்னைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. "ஏன் இவ்வளவு நாள் வரலை?" என்று டாக்டர் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கொடுத்த பணம் போனதைவிட, போன இரண்டு வருடம்தான் எனக்கு இன்றும் வலிக்கிறது. முப்பதுகளில் ஒரு பெண்ணுக்கு இரண்டு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. இதில் எல்லாவற்றையும்விட மோசமானது, நடக்காமல் போனதற்கான பழி எங்கள் தலையில் விழுந்ததுதான். உங்கள் விசுவாசத்தில் எங்கேயோ குறை, வீட்டில் ஏதாவது சாபம், மறைத்த பாவம் என்று தேடச் சொன்னார்கள். நாங்களும் தேடினோம். இரவில் உட்கார்ந்து சின்ன வயதில் செய்ததையெல்லாம் எழுதிப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் எரேமியா புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். வருடப் பிறப்பு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 அச்சாகியிருந்தது. நம் வீடுகளில் பாதிச் சுவர்களில் தொங்கும் வசனம் அது: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." அதற்கு முந்தைய வசனத்தை நான் அதுவரை கவனித்ததே இல்லை. பாபிலோனில் எழுபது வருடம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்று இருக்கிறது. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் ஊர் திரும்புதலைக் கண்ணால் பார்க்கப்போகிறவர் அநேகமாக யாரும் இல்லை. அப்புறம் ஒரு அதிகாரம் பின்னால் போய் 28ஐ வாசித்தேன். அனனியா என்ற தீர்க்கதரிசி ஜனங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று கர்த்தருடைய பெயரில் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெகுநேரம் அழுதேன். முதல் தடவையாக அது என்மேல் உள்ள கோபத்தில் வந்த அழுகையாக இல்லை.

அன்றிலிருந்து நாங்கள் வைத்துக்கொண்ட சோதனை எளிமையானது. யாராவது கர்த்தருடைய பெயரால் ஒரு தேதி சொன்னால், அதற்குப் பணம் கேட்டால், மருந்தை நிறுத்தச் சொன்னால், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். ஒருவர் சொன்னது நடக்காமல் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்" என்று உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மருந்து விஷயத்தில், சாகும் வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். ஆயுசோடு பதினைந்து வருடம் கூட்டித் தருவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல், அதாவது கட்டியின்மேல், பற்றுப்போடச் சொல்கிறார். வாக்கும் இருக்கிறது, பற்றும் போடுகிறார்கள். இரண்டுக்கும் சண்டையே இல்லை. பிள்ளை இல்லாததைப் பாவத்தோடு முடிச்சுப் போடுகிறவர்களுக்கு லூக்கா முதல் அதிகாரம் போதும். சகரியாவும் எலிசபெத்தும் தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்கள், குற்றமற்றவர்கள் என்று முதலில் எழுதிவிட்டு, அடுத்த வசனத்தில்தான் அவர்களுக்குப் பிள்ளையில்லை என்று எழுதியிருக்கிறது.

2017இல் மதுரையில் ஐ.வி.எஃப். என்னும் சோதனைக் குழாய்ச் சிகிச்சை தொடங்கினோம். ஒரு சுற்றுக்கு ஊசி, மருந்து, ஸ்கேன் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தை ஒட்டி வந்தது. விளம்பரத்தில் போட்டிருந்த தொகையில் ஊசியின் விலையும், மீதமுள்ள கருவை உறைநிலையில் வைக்கும் வாடகையும் சேரவில்லை என்பது பாதியில்தான் தெரிந்தது. ஆரம்பிக்கும் முன்பே, "பேக்கேஜில் எதெல்லாம் சேரும், எதெல்லாம் தனி?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் குழந்தையின்மைச் சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது, அதை நம்பி இறங்காதீர்கள். என் நகையில் பாதி அடகுக்குப் போனது. அவர் பி.எஃப். பணத்தில் எடுத்தார். ஷிப்ட் மாற்ற முடியாத நாட்களில் நான் தனியாகவே விடியற்காலை பஸ் பிடித்து மதுரை போய், ஊசி போட்டுக்கொண்டு, வயிறு உப்பி, வாந்தி வருகிற மாதிரி இருக்க அதே பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறேன். பள்ளியில் காய்ச்சல் என்றும் கண் வலி என்றும் சொல்லி லீவு எடுத்தேன். சபையில் யாருக்கும் சொல்லவில்லை. கன்வென்ஷன் கதைக்குப் பிறகு சொல்லப் பயமாக இருந்தது.

கருவை உள்ளே வைத்த பிறகு இரத்தப் பரிசோதனைக்கு இரண்டு வாரம்போல் காத்திருக்க வேண்டும். கர்த்தருக்குக் காத்திருப்பது என்று நாம் பாட்டில் பாடுவது என்ன என்று அந்த நாட்களில்தான் எனக்கு உடம்பில் தெரிந்தது. இருமினால் பயம். மாடிப்படி ஏறினால் பயம். முழங்கால் போட்டு ஜெபிக்கலாமா என்றுகூடச் சந்தேகம். முதலில் ஒன்றும் பிடிக்கவில்லை. அடுத்து வைத்தபோது பாசிட்டிவ் என்று வந்தது. எட்டாவது வாரத்து ஸ்கேனில் இதயத் துடிப்பு இல்லை என்றார்கள். அதற்கு அடக்க ஆராதனை கிடையாது, சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபிக்கும் வழக்கம் கிடையாது, துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. எனக்கு ஒரு பிள்ளை செத்துப்போனது, ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதன் பிறகு பல மாதம் ஆராதனையில் எனக்குப் பாட வாய் வரவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பேன்.

பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்றுதான் எனக்கு ஞாயிறு பள்ளியிலிருந்து பதிந்திருந்தது. யோபுவின் பொறுமை என்று யாக்கோபு நிருபம் சொல்கிறது. ஆனால் யோபு புத்தகத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். முதல் இரண்டு அதிகாரம் தாண்டியதும் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதற்கப்புறம் அதிகாரம் அதிகாரமாக முறையிடுகிறார், வழக்காடுகிறார், கர்த்தரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார். கடைசியில் கர்த்தர் கடிந்துகொண்டது, கர்த்தருக்காகப் பரிந்து பேசிய அந்த நண்பர்களைத்தான். யோபு நிதானமாய்ப் பேசினார் என்றே சொன்னார். இதைப் புரிந்துகொண்ட பிறகு ராத்திரி சங்கீதம் 13ஐ சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." ஒரு நோட்டில் ஆண்டவருக்கு எழுதவும் ஆரம்பித்தேன். பொறாமையை எழுதினேன், கோபத்தை எழுதினேன், அந்த ஊழியக்காரரை மன்னிக்க முடியவில்லை என்று எழுதினேன். என் விசுவாசம் அதனால் போய்விடவில்லை. நடிப்பதை நிறுத்தியதும் ஜெபம் திரும்பி வந்தது. நீங்கள் காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடிய பயனுள்ள காரியம் ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பிள்ளையில்லாமல் அழுத அன்னாளின் கதையை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எல்லோரும் சாமுவேல் பிறந்ததில் போய் முடிப்பார்கள். ஒன்று சாமுவேல் முதல் அதிகாரத்தை மெதுவாக வாசித்தால் வேறு சில விஷயங்கள் தெரியும். தேவாலயத்தில் அழுது ஜெபித்த அந்தப் பெண்ணைப் பார்த்து ஆசாரியனாகிய ஏலி, குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தார். ஆண்டவருடைய ஊழியக்காரர்கூட நம் துக்கத்தைத் தப்பாகப் புரிந்துகொள்ளலாம், அதனால் நம் ஜெபம் கெட்டுப்போவதில்லை. "என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன்" என்று அவள் பதில் சொன்னாள். பிறகு போய்ச் சாப்பிட்டாள். "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை." இது பிள்ளை உண்டாவதற்கு முன்னால். இந்த வசனத்தில் நான் பல மாதம் தங்கியிருந்தேன். ஊற்றிவிட்டவளுக்குச் சாப்பாடு இறங்கியது. எனக்கு அந்த அளவு சமாதானம் ஒரே நாளில் வந்துவிடவில்லை, விட்டு விட்டுத்தான் வந்தது.

அதே அதிகாரத்தில் அவளுடைய புருஷன் கேட்கிறான்: "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா." முன்பெல்லாம் இதை வாசித்தால் எரிச்சல் வரும். கரு கலைந்த பிறகு ஒரு ராத்திரி என் கணவர் சமையலறையில் லைட் போடாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. தன்னால்தான் எனக்கு இவ்வளவு ஊசி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஸ்கேன் தேதியும் பில் தொகையும்தான். அன்று விடியும்வரை பேசினோம். பணத்துக்கு ஒரு எல்லை போட்டோம்: கையில் உள்ள உறைந்த கருக்களை வைத்துப் பார்ப்பது, பிடிக்காவிட்டால் புதுக் கடன் வாங்குவதில்லை. இந்த எல்லையைத் தொடக்கத்திலேயே, மனசு தெளிவாக இருக்கும்போதே, இரண்டு பேரும் சேர்ந்து எழுதி வையுங்கள். நடுவில் போட முடியாது. "இன்னும் ஒரு தடவை பார்க்கலாமே" என்ற பேச்சுக்கு அந்த நேரத்தில் யாராலும் மறுப்புச் சொல்ல முடியாது. மொத்தம் பத்து லட்சத்துக்கு மேல் செலவான பிறகு, 2019 கடைசியில் நாங்கள் நிறுத்தினோம்.

நிறுத்திய பிறகு வந்த வெறுமையில் எனக்கு உதவியது டோனாவூருக்குப் போய் வந்த ஒரு நாள். களக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். அயர்லாந்திலிருந்து 1895இல் இந்தியாவுக்கு வந்த எமி கார்மைக்கேல் அம்மையார், 1901 முதல் ஆதரவற்ற பிள்ளைகளை அங்கே எடுத்து வளர்த்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மா. ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. 1931இல் விழுந்து கால் முறிந்தது. 1951இல் இறக்கும்வரை, இருபது வருடத்துக்குக் கிட்ட, பெரும்பாலும் அறைக்குள்தான். சுகத்துக்காகச் சுற்றியிருந்தவர்கள் எவ்வளவு ஜெபித்திருப்பார்கள்! அந்த அறையிலிருந்துதான் அவர் பல புத்தகங்களை எழுதினார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அவரை அடக்கம் செய்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டது கிடைக்காமலே ஒருவர் கர்த்தரோடு நிறைவாக வாழ முடியும் என்பதைப் பிரசங்கத்தில் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் மாவட்டத்திலேயே அப்படி ஒரு வாழ்க்கை நடந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து எரேமியாவின் கடிதத்தை மறுபடி எடுத்தேன். சிறைப்பட்டவர்களுக்கு அதில் இருக்கும் கட்டளை, "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்பது. நாங்கள் என்னவெல்லாம் தள்ளிப்போட்டிருந்தோம் என்று யோசித்தோம். பிள்ளை வந்ததும் கட்டலாம் என்று பின்பக்கத்து அறை அரைச்சுவரோடு நின்றது. பிள்ளை வந்ததும் என்று என் மேற்படிப்பு நின்றது. எந்த மாதம் எப்படி இருக்குமோ என்று ஞாயிறு பள்ளி வகுப்பை எடுக்க மறுத்திருந்தேன். உறவினர் கல்யாணங்களுக்குப் போவதை விட்டிருந்தோம். பத்து வருடம் நாங்கள் காத்திருக்கவில்லை, நின்றுபோயிருந்தோம். அறையைக் கட்டி முடித்தோம். நான் எம்.எட். சேர்ந்தேன். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பை எடுத்துக்கொண்டேன், முதல் சில வாரம் வீட்டுக்கு வந்து அழுதாலும் விடவில்லை. பிள்ளைக்காக வெகுகாலம் காத்திருந்த ஆபிராமைப் பற்றி ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. ஆதியாகமம் 16ஆம் அதிகாரம் முடியும்போது அவருக்கு 86 வயது, 17ஆம் அதிகாரம் தொடங்கும்போது 99. நடுவில் பதின்மூன்று வருடம், கர்த்தர் பேசினதாக ஒரு வரிகூட இல்லை. அந்த வருடங்களிலும் அவர் கூடாரம் போட்டார், ஆடு மாடு மேய்த்தார், இஸ்மவேலை வளர்த்தார்.

தத்தெடுப்பதைப் பற்றி 2021இல் பேசத் தொடங்கினோம். "யார் பெத்த பிள்ளையோ" என்று சொந்தத்தில் பேச்சு வந்தது. மோசே பார்வோன் குமாரத்தியிடம் வளர்ந்தவர், எஸ்தரை வளர்த்தது மொர்தெகாய் என்று மாமியாரிடம் சொன்னேன். "மோசேயை எனக்குச் சொல்லித் தராதே" என்று கோபப்பட்டார்கள். சில மாதம் கழித்து அவர்களே வந்து, "எந்தப் பிள்ளையா இருந்தாலும் ஞானஸ்நானத்துக்கு நான்தான் உடுப்பு எடுப்பேன்" என்றார்கள். கிறிஸ்தவர்கள் சட்டப்படி தத்தெடுக்க முடியாது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அது பழைய நிலை. 1956ஆம் வருடத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டும்தான். நமக்கு 1890ஆம் வருடச் சட்டத்தின்கீழ் பாதுகாவலர் உரிமைதான் கிடைத்தது. இப்போது 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் எந்த மதத்தினரும் தத்தெடுக்கலாம், பெற்ற பிள்ளைக்கு உள்ள எல்லா உரிமையும் அந்தப் பிள்ளைக்கு உண்டு. அதற்கு முந்தைய இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழும் எந்த மதத்தினரும் தத்தெடுக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே தருகிறார்.

2022இல், தத்தெடுப்பை நடத்தும் மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிவு செய்தோம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தார். இப்போது வரிசையில் இருக்கிறோம். சின்னக் குழந்தை என்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஆவது சாதாரணம். இதுவும் காத்திருப்புதான், ஆனால் என் உடம்பு இதில் பரீட்சை எழுதவில்லை. எங்கள் பிள்ளை இன்னும் பிறக்கவில்லையா, எங்கேயாவது பிறந்துவிட்டதா என்று தெரியாது. அதைப் பெறப்போகிற தாய்க்காகவும் இருவரும் ஜெபிக்கிறோம், அவளுக்கு அது எவ்வளவு கொடுமையான நாளாக இருக்கும் என்று நினைத்து. குழந்தை வந்தால் சபையில் சாட்சி சொல்லச் சொல்வார்கள். பொறுமையாக இருந்தேன், அதற்குப் பலனாகத் தந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். என்னோடு மதுரை பஸ்ஸில் வந்த ஒரு அக்கா என்னைவிடப் பொறுமைசாலி, அவர்களுக்கு இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் உட்கார்ந்திருக்கும் சபையில் நின்று அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

சபையில் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கரு கலைந்த விஷயம் எப்படியோ எங்கள் ஐயரம்மாவுக்கு, அதாவது போதகரின் மனைவிக்கு, மட்டும் தெரிந்துவிட்டது. அவர்கள் ஒரு மத்தியானம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வசனம் சொல்லவில்லை, ஜெபிக்கலாமா என்றுகூடக் கேட்கவில்லை. பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சொதி வைத்துவிட்டுப் போனார்கள். மறுபடி மறுபடி வந்தார்கள். அந்த நாட்களில் தேவன் எங்களை மறக்கவில்லை என்பதற்கு என்னிடம் இருந்த அத்தாட்சி அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிந்த தம்பதிக்கு அப்படிச் செய்ய முடிந்தால் செய்யுங்கள். அன்னையர் தின ஞாயிறன்று தாய்மார்களை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லிப் பூ கொடுப்பதை நிறுத்திவிட்டு எல்லாப் பெண்களுக்கும் கொடுங்கள்.

தத்தெடுக்க யோசிக்கிறவர்களுக்கு நடைமுறையில் சில. கணவன் மனைவி இருவருடைய வயதையும் கூட்டித்தான் எந்த வயதுக் குழந்தை என்று முடிவு செய்கிறார்கள். கூட்டினால் 85க்குள் இருந்தால் இரண்டு வயது வரையுள்ள குழந்தை, 90க்குள் என்றால் நான்கு வயது வரை. பதிவு செய்த நாளில் உள்ள வயதுதான் கணக்கு. அதனால் முடிவு எடுத்த பிறகு பதிவைத் தள்ளாதீர்கள். வீட்டு ஆய்வு அறிக்கை மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். முடிவதற்குச் சில மாதம் முன்பே மருத்துவச் சான்றும் வருமானச் சான்றும் புதிதாக வாங்கி வையுங்கள். குழந்தையின் விவரம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், ஆகையால் கொடுத்த போன் எண்ணை மாற்றாதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வாங்கித் தருகிறேன், வரிசை வேண்டாம் என்று யாராவது வந்தால், அவர் சபைக்காரராகவே இருந்தாலும், கேட்காதீர்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து வருடம் வரை கடுங்காவல் கிடைக்கும் குற்றம். சந்தேகம் எதுவானாலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நேரில் போய்க் கேளுங்கள். எங்களுக்குப் பொறுமையாகவே பதில் சொன்னார்கள், பணம் எதுவும் கேட்கவில்லை.